பாய்மரத்தோடு கரையேற்றிய படகு

விழுப்புரத்தில் இந்த விடுதியில் தங்கிப் படிக்கும் நம்மில் பலருக்குத் தண்ணீர் என்றால் ஏரியும் கிணறும்தான். காணைப் பக்கத்து நண்பர்கள் நெல்லையும் கரும்பையும் பற்றிப் பேசுவீர்கள். வல்லத்து நண்பர்கள் மல்லாட்டைக் கடலை பறிக்கிற கதையை ஆரம்பித்தால் சாப்பாட்டு மணி அடிக்கிற வரைக்கும் ஓயமாட்டீர்கள். அப்போதெல்லாம் நான் சும்மா கேட்டுக்கொண்டிருப்பேன். ஒருநாள் உங்களில் ஒருவர், "உன் ஊர்ல இன்னாப்பா வெளையும்?" என்று கேட்டார். உப்பு என்றேன். எல்லோரும் சிரித்தீர்கள், நானும் சிரித்து வைத்தேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன். நமக்கு இன்னும் தலை நரைக்கவில்லைதான். ஆனாலும் சின்ன வயதில் கண்ணால் பார்த்த ஒன்று, பத்து வருஷம் கழித்துத்தான் புரிகிறது என்று சொல்லும் வயது நமக்கும் வந்துவிட்டது.

என் ஊர் திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணத்தை ஒட்டிய கால்வாய்க் கரையில் இருக்கிறது. ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கு அப்பால் கடல். கால்வாய் வடக்கே சென்னைப் பட்டணம் வரைக்கும் போகிறது. அதில் பாய் கட்டிய படகுகள் உப்பும் விறகும் ஏற்றிக்கொண்டு போகும். காற்று இருந்தால் பாய் இழுக்கும். இல்லாவிட்டால் ஆட்கள் கரையில் நடந்து கயிற்றால் இழுப்பார்கள். என் தகப்பனாருக்குச் சொந்தமாக அப்படி ஒரு படகு இருந்தது. அவரை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். தந்தையார் என்று எழுதிப் பார்த்தேன். வேறு யாரையோ பற்றி எழுதுவது போலிருந்தது.

படகு பெரியதில்லை. ஆனால் முகத்துவாரம் வரைக்கும் போய் வரவேண்டியிருந்ததால், மற்றக் கால்வாய்ப் படகுகளைப் போல அடி தட்டையாக இல்லாமல் சற்று உருண்டிருக்கும். தண்ணீரில் அதுதான் அழகு. கரைக்கு வந்தால் அதுவே வம்பு. உருண்டைப் பானையைத் தரையில் நிறுத்துகிற மாதிரி. உள்ளே இறங்கினால் புன்னை எண்ணெயும் சணலும் பழைய உப்பும் கலந்த ஒரு வாடை அடிக்கும். இன்றைக்கும் விழுப்புரம் கடைத்தெருவில் சாக்கு மூட்டை அடுக்கிய கடை வாசலைத் தாண்டினால் அந்த வாடையில் பாதி வருகிறது. மீதிப் பாதியை எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை. பாயை வேலம்பட்டைச் சாயத்தில் தோய்த்து, தோப்பில் மரத்துக்கு மரம் கயிறு கட்டிக் காயவைப்போம். காய்கிற பாய்க்கு அடியில் படுத்தால் வெயில் செம்மண் நிறத்தில் இறங்கும். தேங்கிய தண்ணீரை இறைக்கப் பனையோலையில் முடைந்த பட்டை ஒன்று உண்டு. சின்னதாக எனக்கென்று ஒன்றை மாமா முடைந்து கொடுத்திருந்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. நைனாவோடு அதே படகில் வேலை செய்தவர்.

நடுவில் நின்ற பாய்மரத்தை நாங்கள் மரம் என்றே சொல்வோம். அம்மா வெள்ளிக்கிழமைகளில் கரைக்கு வந்து, அதன் அடியில் மஞ்சள் தடவிப் பூ வைத்துவிட்டுப் போவாள். மரத்தைப் பற்றி எங்கள் படகுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பெண்டாட்டி பிள்ளை உண்டாகி முழுகாமல் இருக்கும் வீட்டில் வாசக்கால் வைக்கமாட்டார்கள், கூரையைப் பிரிக்கமாட்டார்கள் அல்லவா? அதே மாதிரி, பெண்டாட்டி முழுகாமல் இருந்தால் படகுக்காரன் பாய்மரத்தை இறக்கமாட்டான். நின்றது நிற்கவேண்டும். எத்தனை பேர் இதை உண்மையாக நம்பினார்கள் என்று தெரியாது. நைனா நம்பினார். அதற்குக் காரணம் இருந்தது.

எனக்கு அடுத்து அம்மாவுக்கு ஒரு பிள்ளை உண்டாகி வயிறு நன்றாகத் தெரிந்த சமயத்தில், படகைக் கரையேற்றித் தார் பூசினார்கள். அப்போது நைனா இதையெல்லாம் பெரிதாக எண்ணாத ஆள். மரத்தை இறக்கிப் பக்கத்தில் கிடத்திவிட்டுத்தான் படகை ஏற்றினார். அந்த வாரமே வயிறு கலைந்துவிட்டது. நான் மிகவும் சின்னவன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்ததும், நைனா வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராமல் இருந்ததும் மட்டும் நினைவிருக்கிறது.

நான் சொல்ல வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து, உலகச் சண்டை வருவதற்கு முன்பு வந்த ஒரு பங்குனி மாதத்தை. உப்பு வாரும் காலம். அம்மா மறுபடியும் முழுகாமல் இருந்தாள். அதே சமயத்தில் படகு ஒழுகத் தொடங்கியது. உப்புத் தண்ணீரில் ஒரு புழு உண்டு. வெளியே பார்த்தால் குண்டூசி முனை அளவு ஓட்டைதான் இருக்கும், உள்ளே பலகை முழுவதையும் சல்லடையாக்கிவிடும். நைனா உள்பக்கமாகத் துணியும் கொழுப்பும் வைத்து அடைத்தார். நானும் என் பட்டையால் இறைத்தேன். ஒரு நடை, உப்பு ஏற்றிக்கொண்டு போனவர்கள் மூன்றாம் நாளே திரும்பி வந்தார்கள். வழியில் தண்ணீர் ஏறி, சரக்கில் பாதி கரைந்து போயிருந்தது.

உப்பு வியாபாரி கரையில் நின்று எட்டிப் பார்த்தார்.

"தண்ணிலேர்ந்து எடுத்த உப்பத் தண்ணிக்கே குடுத்துட்டு வந்தியா? நல்ல வேல. இனிமே அளத்துல கொட்டிடு, வண்டிக் கூலியாச்சும் மிச்சம்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நைனா சிரிக்கவில்லை. மாமாதான், "அடுத்த நடைக்குப் படகு சரியாயிடும்ங்க" என்று சொல்லி அனுப்பினார். அடுத்த நடையை வேறு படகுக்குக் கொடுத்துவிட்டதாக மறுநாள் ஆள் வந்து சொன்னான். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றாவிட்டால் அந்தப் பருவம் போய்விடும். அது போனால் மழைக்காலத்துக்கு வீட்டில் ஒன்றும் இருக்காது.

படகுகளைக் கரையேற்றும் துறை ஊருக்கு வடக்கே இருந்தது. அங்கே கால்வாய்க் கரையைச் சரிவாக வெட்டிவிட்டிருப்பார்கள். பனந்துண்டுகளை உருளைகளாகப் போட்டு, படகின் மூக்கை அதில் ஏற்றி, வடம் கட்டி மேலே இழுப்பார்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பின்னால் ஒருவன் ஆப்பைத் தள்ளுவான், படகு திரும்பி வழுக்காமல் இருக்க. இரண்டு பக்கத்திலும் ஆட்கள் முட்டுக்கழியோடு கூடவே நடந்து வருவார்கள், படகு சாயாமல் இருக்க. ஏற்றின பிறகு பலகை இடுக்குகளில் சணலைத் திணித்துக் குங்கிலியம் பூசுவார்கள். தார் கொதிக்கும் அண்டா எந்நேரமும் அடுப்பில் இருக்கும். அந்தத் துறையை ஒரு மேஸ்திரி நடத்தினார். கனத்த ஆள். வெற்றிலையை ஒரு கன்னத்தில் அடக்கிக்கொண்டு மறுகன்னத்தால் பேசுவார்.

ஏற்றுவதென்று குறித்த நாளில், விடிந்ததும் நைனாவும் மாமாவும் நானும் படகைத் துறைக்குக் கொண்டுபோனோம். கடல் ஓதம் ஏறித் தண்ணீர் சரிவின் வாய் வரைக்கும் வந்திருந்தது. காற்று இல்லை. ஏற்றுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. பாயையும் சுக்கானையும் நங்கூரத்தையும் கழற்றிக் கரையில் வைத்தோம். இழுக்கிற ஆட்களும் வந்துவிட்டார்கள். மேஸ்திரி படகைச் சுற்றி வந்து, அண்ணாந்து மேலே பார்த்தார்.

"மரத்த எறக்குங்க. அப்பறம் வடம் கட்டலாம்."

"மரம் நிக்கட்டும் மேஸ்திரி" என்றார் நைனா.

"மரம் நின்னா படகு நிக்காது."

"ஊட்ல முழுவாம இருக்குது."

"ஊட்ல முழுவாம இருக்குது, இங்க படகு முழுவிக்கினு இருக்குது. எதப் பாக்கறது நான்?"

ஆட்கள் சிரித்தார்கள். நைனா மேஸ்திரியைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். நான் கூடவே போனேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லை.

"போன தடவ எறக்கினேன் மேஸ்திரி. உங்க கண்ணு முன்னாலதான் எறக்கினேன். புள்ள தங்கல" என்றார் நைனா. அவர் குரல் அப்படிக் கெஞ்சி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

மேஸ்திரி வெற்றிலையைத் துப்பினார். "அதுக்கும் இதுக்கும் இன்னாய்யா இருக்குது" என்று ஆரம்பித்தவர், நைனாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "இன்னும் நாலு மாசம் கழிச்சி ஏத்திக்கயேன்" என்றார்.

"நாலு மாசம் இன்னாத்தத் தின்றது?"

ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மாமா வந்து நைனாவிடம், "நான் எறக்கறேன். நீ அந்தாண்ட போயி நில்லு. நீ எறக்கல, நான்தான் எறக்கினேன்னு இருக்கட்டும்" என்றார். நைனா அவரைத் திட்டினார். "படகு யாரோடது? உன் கையி என் கையின்னு சாமிக்குக் கணக்குச் சொல்லப் போறியா?" பேச்சு இப்படியே போய்க்கொண்டிருந்தது. மாமா என்னை மெதுவாக ஒதுக்கி, "ஓடிப் போயி உங்கம்மாவக் கேட்டுக்கினு வா, ஜல்தி" என்றார்.

நான் ஓடினேன். அம்மா கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். என் கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை வந்தது. நான் கையை இழுத்துக்கொண்டேன்.

"பாத்தியா, எப்பிடி ஒதைக்குதுன்னு? இது மரத்த எறக்கினாலும் போவாது, கரையத் தோண்டினாலும் போவாது. எறக்கச் சொன்னேன்னு போயிச் சொல்லு. பயந்துக்கினு இருக்கற ஆளு நானா அவரா?" என்றாள்.

இதை அப்படியே போய்ச் சொன்னேன். கடைசி வரியையும் சேர்த்துச் சொன்னேன். ஆட்கள் மறுபடியும் சிரித்ததால் நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அவளுக்கு இன்னா தெரியும். போன தடவையும் ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொன்னா" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மேஸ்திரி இரங்கினார். அன்றைக்கு அவர் ஒரே பிடிவாதமாக நின்றிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன். இரக்கம் என்பது எப்போதும் நல்லதுதான் செய்யும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். "சரி, மரத்தோட உச்சியில கயிறு கட்டுங்க. ரெண்டு பக்கமும் ஆளுங்க புடிச்சிக்கினு வரட்டும். மெள்ள ஏத்திடலாம்" என்றார். தெற்குப் பக்கத்துக் கயிற்றை மாமா பிடித்தார். கரையில் ஊன்றியிருந்த பனைமுளையில் ஒரு சுற்றுச் சுற்றி, படகு ஏற ஏறக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தவேண்டும். இதையெல்லாம் கட்டி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. பங்குனியில் வெயில் ஏறினால் தெற்குக் காற்று வரும். அது கரையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும், ஏற்றிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மேஸ்திரி குரல் கொடுத்தார். அவருடைய குரலுக்குப் பாட்டென்று ஒன்றும் கிடையாது. அந்தந்த நேரத்துக்கு வாய்க்கு வந்ததைச் சொல்வார்.

"கூழு குடிச்ச கையா இது?"

"ஆமா போடு" என்று ஆட்கள் ஒரே மூச்சில் இழுப்பார்கள்.

"மாமியா ஊட்டுக் கறிச்சோறா?"

"ஆமா போடு."

"அப்ப ஏண்டா நவுரல?"

"தோ போடு."

படகு முனகிக்கொண்டே ஏறியது. அடியிலிருந்து தண்ணீர் வடிந்து, சரிவில் கோடு கோடாக இறங்கியது. அடிப் பலகையில் ஒட்டியிருந்த சிப்பிகள் உருளையில் நசுங்கி நொறுங்கும் சத்தம் கேட்டது. தண்ணீரில் பார்த்தபோது எங்கள் படகு சின்னது. தலைக்கு மேல் ஏற ஏற அது ஒரு வீடு நகர்வது போல் இருந்தது. அதற்கும் மேலே மரம், வானத்தில் ஏதோ எழுதுகிற மாதிரி ஆடிக்கொண்டு போயிற்று. படகு பாதிச் சரிவைத் தாண்டியபோது சவுக்குத் தோப்பு இரைந்தது. இரைச்சல் கேட்டவுடன் மேஸ்திரி "நிறுத்து, ஆப்பு வை" என்றார். ஆப்பை வைத்துவிட்டார்கள். ஆனால் காற்று பக்கவாட்டில் வந்தது. ஆப்பு பின்னால் இருந்தது.

மரம் வடக்கே சாய்ந்தது. அதிகமில்லை, ஒரு சாண் இருக்கும். மேலே ஒரு சாண் என்றால் அடியில் மொத்தப் படகும் அசைகிறது. வடக்குப் பக்கத்து முட்டுக்கழி ஈரமண்ணில் புதைந்தது. மாமா தன் கயிற்றை விடவில்லை. அதை நான் பார்த்தேன். பனைமுளைதான் மண்ணோடு பெயர்ந்து வந்தது. கயிறு அவரைத் தரையில் இழுத்துக்கொண்டு போயிற்று. அவர் கையில் தோல் உரிந்தது. வடக்கே நின்றவர்கள் கழிகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். அவர்கள் ஓடியது நல்லதாயிற்று. பெரிய பூசணிக்காயைத் தரையில் போட்டது போல ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பலகைகள் ஒவ்வொன்றாக விட்டுப் போகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

யாருக்கும் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் அடிமரம் மட்டும் நடுவில் முறிந்துவிட்டது. அடிமரம் முறிந்த படகு விறகுதான். எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நைனா அதைப் பார்க்கவில்லை. மரத்தின் பக்கம் ஓடினார். "மரத்தத் தூக்குங்கடா. தூக்குங்கடா மொதல்ல" என்று கத்தினார். படகு போன துக்கத்தில் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து, ஆட்கள் அவர் சொன்னபடி செய்தார்கள். மரம் முறியவில்லை. அதைக் கழற்றித் தூக்கி, மேஸ்திரியின் கொட்டாய்க்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துக் கட்டினார்கள்.

"மண்ணுல பட்டுச்சா?" என்று நைனா ஒவ்வொருவரையும் கேட்டார்.

"படல. கழி மேலதான் உழுந்துது. மண்ணுல படல" என்றார் மேஸ்திரி.

மரத்தின் நுனி ஒரு கை ஆழத்துக்கு மண்ணில் குத்தியிருந்ததை நான் பார்த்தேன். மேஸ்திரியும் பார்த்தார். மாமா, உரிந்த கைகளை உப்புத் தண்ணீர் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் நைனா அந்த மரத்தை ஆள் வைத்துத் தூக்கிவந்து, எங்கள் வீட்டுக் கொல்லையில் குழி தோண்டி நட்டார். ஊரே சிரித்தது. "படகு இல்லாத ஊட்டுக்குப் பாய்மரமாம்" என்று உப்பளத்துக்குப் போகிறவர்கள் வழியில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அதில் காக்கை உட்கார்ந்தால் நைனா கல்லெடுத்து ஓட்டுவார். எனக்கு அவமானமாக இருந்தது. படகை இழந்தவர் அதன் ஞாபகமாக மரத்தை வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அது ஞாபகத்துக்காக நட்டதல்ல என்பது எனக்குப் படவே இல்லை.

அந்த மாதங்களில் ஊர் மாமாவைத்தான் குற்றம் சொன்னது. கயிற்றை விட்டவன் என்றார்கள். முளை பெயர்ந்தது என்று மாமா சொல்லிச் சொல்லிப் பார்த்தார். கேட்பவர்கள் தலையாட்டிவிட்டு, அவர் போன பிறகு வேறு மாதிரி பேசினார்கள். ஆடியில் தங்கச்சி பிறந்தாள். முழுசாக, சுகமாக, கத்திக்கொண்டு பிறந்தாள். பிரசவம் பார்க்க வந்திருந்தவர் அத்தை, நைனாவின் அக்கா. குளிப்பாட்டித் துணியில் சுற்றும்போதே அத்தை சொன்னார்: "பொறக்கறதுக்கு முந்தியே படகத் தின்னுட்டு வந்துக்கீறா. இன்னும் இன்னா இன்னா தின்னப் போறாளோ."

அத்தை கெட்டவர் இல்லை. ஏதோ சொல்லவேண்டுமென்று சொன்ன பேச்சு அது. ஆனால் ஊருக்கு அது பிடித்துவிட்டது. கயிறு, காற்று, முளை என்று யோசித்துக்கொண்டிருப்பதைவிட அது சுலபமாக இருந்தது. அம்மா மட்டும் அத்தையோடு சண்டை போட்டாள். நாளடைவில் அவளும் ஓய்ந்துவிட்டாள். மாமாவின் பேரில் இருந்த பழி தங்கச்சியின் பேருக்கு மாறியது. மாமாவுக்கு அது ஒரு வகையில் வசதியாகப் போயிற்று. அதை அவர் மறுத்தும் பேசவில்லை. நைனா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பிள்ளைக்குப் பெயர் வைத்த நாளில் கொல்லையில் இருந்த மரத்தைப் பிடுங்கி, கோட்டக்குப்பத்திலிருந்து வந்த ஒரு வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார். அது ஏதோ வீட்டுக்கு உத்தரமாகப் போயிருக்கவேண்டும். நட்ட குழி ரொம்ப நாள் மூடாமல் கிடந்தது. மழை பெய்தால் அதில் தவளை கத்தும்.

படகு போனதால் மாமா திண்டிவனத்துக்குப் போய் மல்லாட்டை மில்லில் வேலைக்குச் சேர்ந்தார். போகும்போது என்னையும் கூட்டிப் போனார். "இங்க இருந்து இன்னா பண்ணப் போறான், படகா கீது?" என்று அம்மாவிடம் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. அங்கே பள்ளியில் சேர்த்தார். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் எழுத்துப் படித்ததில்லை. படகு இருந்திருந்தால் நானும் படித்திருக்கமாட்டேன். இந்நேரம் உப்பு ஏற்றிக்கொண்டிருப்பேன். ஆக, படகு விழுந்ததால் பலன் அடைந்தவன் நான் ஒருவன்தான். படகைத் தின்றவன் என்று என்னை யாரும் சொன்னதில்லை.

சண்டைக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. பட்டணத்துக்கு விறகும் உப்பும் படகில்தான் போகவேண்டியிருந்தது. ஓட்டைப் படகு வைத்திருந்தவன்கூட அப்போது தலைநிமிர்ந்தான். நைனாவிடம் படகு இல்லை. அதே துறையில், அதே மேஸ்திரியிடம், மற்றவர்களுடைய படகை இழுக்கும் ஆளாக வேலை செய்தார். "ஆமா போடு" என்று சொல்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர். லீவுக்கு வரும்போது நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

தங்கச்சி வளர்ந்தாள். நைனாவுக்குக் கூழ் கொண்டுபோவது அவள் வேலை. ஆனால் சரிவில் படகு இருக்கும்போது அவள் துறைக்குள் வரக்கூடாது. சவுக்குத் தோப்போரம் தூரமாக நிற்பாள். படகு மேலே ஏறி, முட்டுக் கொடுத்து நிறுத்திய பிறகு யாராவது கை காட்டினால்தான் வருவாள். இதை யார் ஏற்படுத்தினார்கள் என்று கேட்டேன். நைனா என்று அம்மா சொன்னாள். அன்றிலிருந்து எனக்கு நைனாவின் மேல் ஒரு கசப்பு. அவளைப் பள்ளியில் சேர்க்கச் சொன்னேன். "பொட்டப் புள்ள, போதும்" என்றுவிட்டார். அதையும் அந்தக் கசப்போடு சேர்த்துக்கொண்டேன்.

போன மாசம் ஊருக்குப் போனபோது இதைக் கேட்டேவிட்டேன். வேலை முடிந்து நைனா கால் கழுவிக்கொண்டிருந்தார். பாரம் உயரத்தில் இருந்தால் பொருள் சாயும், உருண்ட அடி நிற்காது, காற்று மரத்தில்தான் வேலை செய்யும் என்று நம் வாத்தியார்கள் சொன்ன மாதிரி எடுத்துச் சொன்னேன். "படகு உழுந்ததுக்குக் காரணம் மரம். அவ இல்ல" என்றேன்.

நைனா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "இத்தினி வருசமா வடம் இழுக்கறேன். எனக்குத் தெரியாதா?" என்றார்.

"தெரிஞ்சுமா அவளத் தோப்பாண்ட நிக்க வச்சிருக்கீங்க?"

"இங்க வந்தா ஆளுங்க ஒரு மாதிரி பேசறானுங்கடா. அவ காதுல உழுவ வேணாம்னு தூரமா நில்லுன்னேன்." சொம்பைக் கவிழ்த்து வைத்தார். "அன்னிக்கு மரத்த எறக்கியிருந்தா படகு நின்னிருக்கும். அது எனக்கு அப்பவே தெரியும். புள்ள நின்னிருக்குமா? அத நீ படிச்ச படிப்புல சொல்லு பாக்கலாம்."

கொல்லையில் நட்ட மரமும், காக்கையை ஓட்டிய கல்லும் அப்போதுதான் எனக்கு விளங்கின. அவள் பிறந்து பெயர் வைக்கும் வரைக்கும் அந்த மனிதர் ஒரு மரத்துக்குக் காவல் இருந்திருக்கிறார். ஊர் சிரித்ததைப் பொருட்படுத்தவே இல்லை. அப்படிக் காத்த பிள்ளையிடம் அதைச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை. "இத அவகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டேன். "இதப் போயி இன்னான்னு சொல்றது" என்றார்.

நான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இத்தனை வருஷமாக அவள் சுமந்ததை ஒரு வார்த்தையில் இறக்கிவிடலாம் என்று நம்பினேன்.

மறுநாள் கூழ்ச்சட்டியோடு அவள் கிளம்பியபோது நானும் கூடப் போனேன். சரிவில் ஒரு படகு ஏறிக்கொண்டிருந்தது. அவள் வழக்கம் போலத் தோப்போரம் நின்றுகொண்டாள். உப்பளத்தில் வேலை செய்து அவள் பாதம் வெடித்திருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவின் வயிற்றில் கை வைத்ததிலிருந்து, மேஸ்திரியிடம் நைனா கெஞ்சியது, மரத்தைக் கொல்லையில் நட்டது, நேற்று அவர் சொன்னது வரைக்கும் சொன்னேன். "உன்னக் காப்பாத்தத்தான் அவரு மரத்த எறக்கல. அதனாலதான் படகு உழுந்துது. உன்னால இல்ல" என்றேன்.

அவள் சட்டியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டு கேட்டாள். முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை.

"அப்பன்னா நான் வயித்துல இல்லாம இருந்திருந்தா மரத்த எறக்கியிருப்பாரு. இல்லண்ணா?"

பள்ளியில் படித்தது, விழுப்புரத்தில் உங்களோடு மணிக்கணக்காக வாதம் பண்ணியது ஒன்றும் அந்த நேரத்தில் கைக்கு வரவில்லை. துறையில் மேஸ்திரி குரல் கொடுத்தார்; ஆட்கள் பதில் கொடுத்தார்கள். அதில் நைனாவின் குரல் எது என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"ஏறிடுச்சா பாருண்ணா. நைனாவுக்குப் பசிக்கும்" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். படகு பாதிச் சரிவில்தான் இருந்தது. இன்னும் இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, இன்னும் ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொண்டாள்.